என் தோளுக்கு ஏற்ற துவக்கு

சில சனிக்கிழமைக் காலைகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில், எங்கள் வீட்டு வாசலில் நின்று, காரின் பின்பெட்டிக்குள் ஒரு நீளமான கறுப்புப் பெட்டியை ஏற்றுவேன். அடுத்த வீட்டு அன்ரி பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியபடி அதை நெடுநாளாகக் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் வேலியருகே வந்து, "வீணை பழகத் தொடங்கிட்டீரோ பிள்ளை?" என்று கேட்டார். நான் கொஞ்சம் தடுமாறிவிட்டு, "ஓம் அன்ரி, இப்பதான் கொஞ்சம் கொஞ்சமாய்" என்றேன். அவருக்கு நல்ல சந்தோஷம். இந்த வயதிலும் ஒரு கலையைத் தொடங்க வேண்டும் என்று நினைத்தேனே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்குள் இருந்தது துவக்கு. செமி ஓட்டோமற்றிக் சொட்கன். காலையிலேயே அன்ரியை அதிரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இங்கே இதை மல்ரி கன் என்கிறார்கள். மண்மேடுகளால் மறித்த வெளியில் இரும்புத் தட்டுகளையும் மட்டை இலக்குகளையும் நிறுத்திவைப்பார்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஓடி, வெவ்வேறு வகைத் துவக்குகளால் அவற்றைச் சுட வேண்டும். ஒருவர் பின்னாலேயே மணிக்கூட்டோடு ஓடிவருவார். குறைந்த நேரத்தில், பிழை விடாமல் முடிப்பவருக்கே வெற்றி. கைத்துப்பாக்கியைப் புதிதாக வாங்க இந்த நாட்டுச் சட்டம் இப்போது விடுவதில்லை. ஆகவே என்னைப் போலப் பிந்தி வந்தவர்கள் ரைஃபிளோடும் சொட்கன்னோடும் ஓடுகிறோம்.

இதற்குள் என்னை இழுத்துவந்தவள் டெபி. மார்க்கம் நகரில், மருத்துவமனைகளுக்கான பொருட்களைப் பொதிசெய்யும் இடத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் வேலை. ஒரு பனிக்காலம் என் கார் முற்றாகப் படுத்துவிட்டது. ஸ்ரௌவ்வில்லுக்கும் வடக்கே இருக்கிற டெபி, தன் வழியை விட்டு விலகி மல்வேர்னுக்கு இறங்கிவந்து, அந்தக் காலம் முழுக்க என்னை ஏற்றிக்கொண்டு போனாள். காசு கொடுக்கப் பார்த்தேன், கோபித்தாள். நான் வேறு கார் எடுத்த பிறகு அவளே பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். சுட முடியாவிட்டாலும் போட்டியில் புள்ளி குறிக்க வருவதாகச் சொல்லியிருந்தாள். தன்னைக் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டாள். நான் எப்படி மறுப்பேன்? காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்துவிடலாம் என்று எண்ணிப் போனேன்.

டெபியின் பையைத் தூக்கிக்கொண்டு காரை விட்டு இறங்கிய நேரத்தில்தான் முதல் வெடி கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது, உடம்பு செய்தது. கண்ணைத் திறந்தபோது சல்லிக்கற்களின் மேல் முகம் குப்புறக் கிடந்தேன். கைகள் காதுகளின் மேல் இருந்தன. பக்கத்தில் டெபி, கட்டுப்போட்ட கையோடு தானும் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு முதியவர் இரண்டு கைகளையும் உயர்த்தி, "சீஸ் ஃபயர்" என்று கத்தினார்.

அந்தச் சொல்லை நாங்கள் போர்நிறுத்தம் என்று அறிந்திருக்கிறோம். வானொலியில் அறிவிப்பார்கள். அம்மா உடனே அரிசிமா வறுக்கத் தொடங்குவார். வறுத்த மா ஆறுவதற்குள் எங்கேயோ மறுபடி வெடிக்கும். இங்கே ஒரு மனிதர் ஒரு தடவை சொன்னார், வெளி முழுவதும் அடங்கிவிட்டது. துவக்குகளை வெறுமையாக்கி, திறந்து, மேசைகளில் வைத்துவிட்டு எல்லோரும் பின்னால் விலகி நின்றார்கள். கார் நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் விழுந்துகிடக்கிறாள் என்பதற்காக. அந்த முதியவர் என்னிடம் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுக் குந்தினார். நான் எழும்பும்வரை ஒருவரும் தொடங்கமாட்டார்கள் என்றார். என் கால் பிரண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு பனிக்கட்டிப் பொதி ஒன்றையும் கொண்டுவந்து தந்தார். எப்படி விளக்குவது என்று தெரியாமல், ஒரு குறையும் இல்லாத என் கணுக்காலில் அதை வெகுநேரம் பிடித்துக்கொண்டு இருந்தேன். கால் விறைத்தது. மனதுக்குள் ஏதோ ஒன்று இளகிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த துவக்குகளுக்கெல்லாம் முன்பக்கம் மட்டுமே இருந்தது. குழலின் வாயைத்தான் பார்த்து வளர்ந்தோம், சோதனைச் சாவடியில், பள்ளிக்கூட வாசலில், பஸ்ஸின் படிகளில். துவக்கின் பின்முனையில் இருக்கிற பிடங்கு என்பது ஆட்களை அடிக்கிற கட்டை. அதைத் தோளில் வைப்பதற்காகச் செய்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒருதரம், ஒரேயொரு தரம், மறுபக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. யாரையும் சுடுவதற்கல்ல. அந்தச் சத்தம் என் விரலின் அனுமதியோடு எழும்பினால் எப்படி இருக்கும் என்று அறிவதற்கு.

பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன், சோதனையில் சித்தியடைந்தேன். அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்கும்போது கணவரின் கையெழுத்தும் கேட்டார்கள். இந்த நாட்டின் மேல் எனக்கு மரியாதை கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்குள் ஒரு துவக்கு வரப்போகிறதென்றால், அந்த வீட்டில் இருக்கிற மற்றவரையும் ஒரு வார்த்தை கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் என் வீட்டில் இருக்கிற மற்றவர் சிவம். அவருடைய அண்ணனை ஊரில், சந்தியில் வைத்து, அவருடைய கண் முன்னாலேயே சுட்டார்கள். யார் சுட்டது என்று இன்றுவரை தெரியாது. சிவம் தமிழ்ப் படத்தில் சண்டை வந்தாலும் எழும்பிப் போய்விடுவார்.

நான் சொன்னதும் அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நீர் என்ன, விளையாடுறீரோ?"

"விளையாட்டுத்தானப்பா. உண்மையாவே விளையாட்டுத்தான்."

"துவக்கிலை என்ன விளையாட்டு? எனக்கு விளங்கேல்லை."

"எனக்கும் வடிவா விளங்கேல்லை. ஆனா அண்டைக்கு விழுந்து கிடந்தன் எண்டு சொன்னனான் தானே. இனி அப்பிடி விழ எனக்கு விருப்பமில்லை."

நிறைய நாட்கள் கழித்து ஒரு காலை, வேலைக்குப் போக முதல், அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார். "கையெழுத்து வைக்கிறன். உம்மைத் தடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனா உது இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது." நான் சரி என்றேன்.

அந்தக் கோடை முழுக்க டெபியின் துவக்கையும் அவளுடைய நண்பர்களின் துவக்குகளையும் இரவல் வாங்கிச் சுட்டேன். கேட்டவுடன் தந்தார்கள். ஒருவர் தன்னுடையதைத் தந்துவிட்டு, நான் சுட்ட பிறகு அதைத் துடைக்கக்கூட விடவில்லை. டெபியுடையது பாரம் குறைந்தது. சுடும்போது பின்னால் தள்ளுகிற உதைப்பைக்கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. ஓடுவதற்குச் சுகம், அழுக்கும் குறைவு. ஆனால் அந்த உதைப்பு முழுவதும் என் தோளில்தான் இறங்கியது. பிடங்கு எனக்கு நீளம். அதைத் தோளுக்குள் வைக்க இடமில்லாமல், கைக்கும் தோளுக்கும் இடையில் எங்கேயோ கொழுவிக்கொண்டு சுட்டேன். சிறிய வாய் உள்ள சொட்கன் எடுத்தால் உதைப்பு குறையும் என்று சிலர் சொன்னார்கள். டெபி அதற்கு உடன்படவில்லை. அதன் சிறிய தோட்டா பட்டால் பாரமான இரும்புத் தட்டு சிலவேளை விழாமல் நின்றுவிடும், பிறகு துவக்கையல்ல, உன்னைத்தான் நீ குறைசொல்வாய் என்றாள்.

ஒருநாள் கோயிலுக்குப் போகச் சேலை உடுத்துக்கொண்டு நின்றபோது சிவம் அறைக்குள் வந்தார். பிளவுஸின் ஓரத்தில் என் தோள் கத்தரிக்காய் நிறத்தில் கண்டிப்போயிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதென்ன?"

"உதைச்சுப்போட்டுது."

அவர் வெளியே போனார். கோபம் என்று நினைத்தேன். தைலப் போத்தலோடு திரும்பி வந்து, கட்டிலின் ஓரத்தில் என்னை இருத்தி, மெதுவாகத் தடவிவிட்டார். அவர் மெஷின் ஷொப்பில் வேலை செய்கிறவர். உள்ளங்கை அரம் போல இருக்கும், ஆனால் அன்றைக்கு நோகவில்லை. "பிடங்காலை எங்கடை சனம் வாங்கின அடி காணாதோ?" என்றார். பிறகு தைலப் போத்தலை மூடிக்கொண்டே, "விடமாட்டீர் எண்டு தெரியும். அப்ப அடிக்காத ஒண்டாப் பாத்து எடும். நானும் வாறன்" என்றார். நான் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவரும் அழுதிருப்போம்.

கடை நகரத்துக்கு வெளியே, பெருந்தெருவோரமாக இருந்தது. விற்பனையாளர் ஓர் இளைஞன், நல்ல சிரிப்பு. எங்களைக் கண்டதும் நேரே சிவத்திடம் போய், என்ன தேடுகிறீர்கள் சேர் என்று கேட்டான். நான் மல்ரி கன்னுக்கு ஒரு செமி ஓட்டோமற்றிக் என்று சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு, சுவரிலிருந்து ஒன்றை எடுத்து, வெறுமையாகத்தான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, சிவத்திடம் நீட்டினான்.

சிவத்தின் இரண்டு கைகளும் மேலே போயின. மிக உயரமாக இல்லை, நெஞ்சளவுக்கு. உள்ளங்கைகள் விரிந்திருந்தன. அவருக்கே அது தெரியவில்லை. பெடியன் பகிடி என்று எண்ணிச் சிரித்தான், மறுகணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். நான் வாயைத் திறப்பதற்குள் சிவம் கைகளை இறக்கினார். தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னார், "நொட் மீ. ஷீ. ஷீ இஸ் த ஷூட்டர்."

பெடியன் மன்னிப்புக் கேட்டான். பிறகு அவன் செய்ததை நான் மறக்கமாட்டேன். துவக்கை நீட்டாமல், கண்ணாடி மேசையில் ஒரு துணியை விரித்து, அதன் மேல் திறந்தபடி கிடத்தி, இரண்டடி பின்னால் போய் நின்றான். நீங்கள் ஆறுதலாகப் பாருங்கள், அவசரமில்லை என்றான்.

முதலில் கிட்டப் போனது சிவம்தான். குனிந்து, திறந்திருந்த பக்கத்தால் உள்ளே பார்த்தார். விரலை விடலாமா என்று கேட்டார். தாராளமாக என்றான் பெடியன். சிவம் தன் சின்னவிரலைத் தோட்டா இருக்கிற அறைக்குள் விட்டு, ஒரு வட்டம் தடவிப் பார்த்தார். "ஒண்டுமில்லை" என்றார் என்னிடம். விரலில் பட்டிருந்த எண்ணெயைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார், "உள்ளுக்கு ஒண்டுமில்லையப்பா."

அதற்குப் பிறகு தெரிவு எளிதாகிவிட்டது. தோட்டா எரியும்போது எழும்புகிற வாயுவில் கொஞ்சத்தைத் திருப்பியெடுத்து இயங்குகிற வகை ஒன்றைப் பெடியன் காட்டினான். பாரம் கூடியது, கரி பிடிக்கும், ஒவ்வொரு முறையும் கழற்றித் துடைக்க வேண்டும். ஆனால் அந்தப் பாரமும் வாயுவும் உதைப்பைப் பாதி வழியிலேயே வாங்கிக்கொள்ளும். கட்டையான பிடங்கும் அதற்கு உண்டு. அதைப் பூட்டித் தந்தான். தோளில் வைத்தேன். கன்னம் தானாகவே வந்து பிடங்கில் சாய்ந்தது, கண் தானாகவே குழலின் நேருக்கு வந்தது. கழுத்தை நீட்டவோ கையை இழுக்கவோ தேவைப்படவில்லை. சாவடியில் நின்ற ஒருவனுடைய உயரத்துக்கும் அல்ல, கடைக்கு வந்துபோகிற ஆண்களின் கைக்கும் அல்ல, என் அளவுக்கு. "இதுதான்" என்றேன். சிவம் பெடியனைப் பார்த்து, "இட் வில் நொட் ஹிட் ஹேர்?" என்று கேட்டார். எனக்கு உதைக்காதா என்பதுதான் அவர் கேட்டது, அவனோ நான் சுட்டால் இலக்கில் படாதா என்று விளங்கிக்கொண்டு, அது உங்கள் மனைவியின் கையில் இருக்கிறது சேர் என்றான்.

துவக்கு சொன்னபடியே டெபியின் இரும்புப் பெட்டிக்குள் போனது. அங்கே இருந்தபடியே என் பெருவிரலைக் கடிக்கவும் தொடங்கியது. தோட்டாக்களை அடிப்பக்கத் துவாரத்தால் வேகமாகத் தள்ள வேண்டும். அதன் விளிம்பு கூர். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் விரலில் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு வந்தேன். சிவம் சில கிழமைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உதை ஒருக்கா வீட்டை கொண்டுவாரும். விளிம்பை வடிவா அராவி விடலாம்" என்றார். வேலையிடத்திலிருந்து சின்ன அரமும் மினுக்குகிற தாளும் கொண்டுவந்தார். குசினி மேசையில் பத்திரிகை விரித்து, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு மத்தியானம் முழுக்க அராவினார். இடையிடையே என் பெருவிரலைப் பிடித்து விளிம்பில் வைத்து, "இப்ப கடிக்குதோ?" என்று கேட்டார். முடித்த பிறகு அதைத் திருப்பி டெபியிடம் கொண்டுபோகச் சொல்லவில்லை. அடுத்த கிழமை கீழ்த்தளத்தில் பூட்டுப்போட்ட ஓர் இரும்பு அலுமாரியைச் சுவரோடு பொருத்திக்கொண்டிருந்தார்.

என் சொந்தத் துவக்கோடு முதல் போட்டிக்குப் போனபோது சிவமும் வந்தார். காது மூடியைப் போட்டுக்கொண்டு ஆட்களுக்குப் பின்னால் நின்றார். ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய தோள் துள்ளியது, ஆனால் நின்ற இடத்தை விட்டுப் போகவில்லை. டெபி ஒரு கதிரை கொண்டுவந்து தந்தாள். அவர் இருக்கவில்லை. என் பெயரையும், மல்வேர்ன் என்று இடத்தையும் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஓடினேன், தட்டுகள் விழுந்தன, இரண்டு தட்டுகள் விழ மறுத்தன, தோட்டா ஏற்றும்போது ஒன்று கையை விட்டுப் போனது. பட்டியலில் கடைசிக்குக் கிட்டத்தான் வந்தேன். எனக்கோ வாழ்நாளில் அப்படிச் சிரித்த ஞாபகம் இல்லை.

மணிக்கூட்டோடு என் பின்னால் ஓடிவந்த நடுவர், ஒரு நடுத்தர வயதுப் பெண், துவக்கு வெறுமைதான் என்று பார்த்துச் சரிசொன்ன பிறகு என்னை நிறுத்தினாள். உன்னிடம் நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு சூட்டுக்கும் சற்று முன்னால் முழங்கால்கள் தாமாகவே தாழ்கின்றன, உடம்பு நிலத்தை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே எங்களுக்கு வருசக்கணக்காகும் என்றாள். எங்கே பழகினாய் என்று கேட்டாள்.

இடுப்புக்கு மேலே என் கைகள் உறுதியாக, அவளுடைய நாட்டின் ஒழுங்குக்குள் இருந்தன. முழங்கால்கள் இன்னும் எங்கள் ஊரின் பதுங்குகுழியைத் தேடிக்கொண்டிருந்தன. அதை அவள் நல்ல பழக்கம் என்கிறாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் பிழையில்லை, அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் இங்கே வந்துசேர்ந்திருக்கவே மாட்டேன்.

"அற் ஹோம்" என்றேன்.

"மல்வேர்னிலா?" என்று ஆச்சரியப்பட்டாள் அவள். நான் சிரித்துக்கொண்டே துவக்கைப் பெட்டிக்குள் கிடத்தினேன்.