பின்சீட்டுக் கை

பைபாஸில் வலது பக்கம் திரும்ப நடுத்திட்டில் விட்டிருக்கும் வெட்டு வருவதற்கு வெகு முன்னாலேயே உடையப்பன் மொபெட்டை இடது ஓரம் கட்டிவிடுகிறார். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "வாரானா?" என்கிறார்.

"ரெண்டு லாரி, ஒரு பஸ்ஸு. செத்த இருங்க," என்கிறார் பின்சீட்டிலிருக்கும் மனைவி ராமுத்தாய்.

சித்தையன்கோட்டைப் பக்கம் அரை ஏக்கர் மல்லிகை. விடியுமுன் பறித்த பூ ஆறரை மணி ஏலத்துக்குத் திண்டுக்கல் மார்க்கெட்டில் இருக்க வேண்டும்.

இருபத்தொரு வருஷமாக அவருக்கு இண்டிகேட்டர் மனைவியின் கைதான். வண்டியின் மஞ்சள் விளக்குகள் என்றைக்கோ உடைந்துபோயின. பக்கத்துத் தோட்டத்து வேலுசாமி புதிது மாட்டச் சொன்னபோது, "எதுக்கு மச்சான்? பின்னால ஆள் இருக்குல்ல," என்றார். வண்டிக் கண்ணாடியில் தலைதான் சீவிக்கொள்வார். ராமுத்தாய் திரும்பிப் பார்ப்பார். வலது கையை நீட்டி அசைப்பார். வழி கிடைத்ததும் இடது கையால் கணவரின் முதுகில் ஒரு தட்டு. தட்டு விழுந்தால்தான் வண்டி இடது தடத்தை விட்டு வலது தடத்துக்கு ஏறும்.

போன தை மாதம், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை, ஏலத்துக்கு நேரமாகிவிட்டது. ராமுத்தாய் கையை நீட்டினார். தட்டு விழவில்லை. "இருங்க, வேன் வாரான்," என்றார். உடையப்பன் ஹேண்டில்பாரை வலது பக்கம் ஒடித்துவிட்டார். மொபெட் தப்பியது. நீட்டிய கையை வேன் அடித்துப் போட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர், "சிக்னல் குடுத்துட்டுத்தான் திரும்புனீங்களா?" என்று கேட்டார். உடையப்பன் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது: "நாந்தேன் சார் நேரங்கழிச்சுக் கை காமிச்சேன். இவுக மேல தப்பில்ல."

உடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அது அப்படியே எழுதப்பட்டது. இப்போது ஊருக்கும் அதுதான் கதை. "ராமுத்தாயி கவனமில்லாம இருந்துருச்சப்பா," என்று டீக்கடையில் யாராவது சொன்னால், உடையப்பன் டீயை ஊதிக்கொண்டே இருப்பார், ஆறின பிறகும்.

மருமகன் ஈஸ்வரன் வண்டிக்கு நாலு விளக்கும் மாட்டிக்கொடுத்தான். "என்ன மச்சான், கல்யாண வண்டி கணக்கா மினுக்குது," என்றார் வேலுசாமி. உடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாக இரண்டு நாள் போய்ப் பார்த்தார். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. வண்டி ஓரத்தை விட்டு நகரவில்லை. வெயில் ஏறிய பிறகு வாடின பூவோடு வீடு திரும்பினார். மூன்றாம் நாள், தோளிலிருந்து செத்துத் தொங்கும் கையோடு ராமுத்தாய் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

லாரிகளுக்காக நிற்கும்போது உடையப்பன் சில நாள் கேட்பதுண்டு. இன்றைக்கும் கேட்கிறார்.

"என்னைய ஒரு வார்த்தை வஞ்சுரேன்."

"எதுக்கு வைய? ரோட்டப் பாருங்க."

பஸ்ஸும் போய்விட்டது. உடையப்பன் சுவிட்சைத் தள்ளுகிறார். விளக்கு மினுக்குகிறது. அவர் அசையவில்லை. பின்னால் ராமுத்தாய் இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, சாலைப் பக்கமாக நீட்டிப் பிடிக்கிறார். தட்டுவதற்குக் கை மீதமில்லை. நெற்றியால் அவர் முதுகில் ஒருமுறை முட்டுகிறார்.