ஏழு மணிக் காப்பி

என் வலது தோள் இறுகிப்போனதிலிருந்து, தினமும் காலையில் சமையலறைக் கதவு நிலையில் கை எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். வலி பத்துக்கு எத்தனை என்பது டைரியில். தலைகூடப் பின்னிக்கொள்ள முடியவில்லை. பின்னிவிட்டவர் என் கணவர்; அது பின்னல் இல்லை, கயிறு.

வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. டாக்டரைக் கேட்டுவிட்டு அவர் ஒரு குப்பியில் புது மாத்திரை கொண்டுவந்தார். "ரொம்ப வீரியமானது. முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரம் காப்பி கூடாது." என் ஆறு மணிக் காப்பி ஏழுக்குப் போனது. மயிலாப்பூரில் ஒருத்தியிடம் இதைவிடப் பெரிதாக என்ன கேட்டுவிட முடியும்? நாற்பத்தொரு நாள் செய்தேன். வலி எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. கோடு ஒரு சாண் ஏறியது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வேளச்சேரியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். குப்பியில் ஒன்றே மிச்சம். அதை எடுத்துக்கொண்டு அவர் வழக்கமாக வாங்கும் மருந்துக் கடைக்குப் போனேன்.

"இன்னா மேடம், சார் வாங்கினு போற சத்து மாத்திரைதான இது?" என்றார் கடைக்காரர்.

"தோள் வலிக்கு."

"தோளுக்கா? எங்க வூட்ல பசங்களுக்குக் குடுக்கறது மேடம்."

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டேன். மறுக்கவில்லை.

"டாக்டர்தான் சொன்னார். மாத்திரையே இல்லைன்னா நீ பயந்துண்டு கையைத் தூக்கவே மாட்டியாம்."

"அப்போ என் வலி பொய்யா?"

"வலி நிஜம். குறைஞ்சதும் நிஜம். கோடு போட்டது நீதானே?"

"காப்பி?"

"அது நான் சேர்த்தது. கஷ்டப்பட்டாத்தான் நீ நம்புவே."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரோடு பேசுவதை நிறுத்தினேன். என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாமல் இரண்டு பேர் முடிவெடுத்திருக்கிறார்கள். அந்தப் பொய்க்கு நான் தினமும் தேதி போட்டுச் சாட்சி எழுதியிருக்கிறேன். அதைவிட எரிச்சல், என் தோளே அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டதுதான்.

மறுநாள் மாத்திரை போடவில்லை. ஆறு மணிக்கே காப்பி. கோடு இரண்டு விரல் கீழே, வலி ஐந்து. அதற்கடுத்த நாளும் அப்படியே. டைரியில் பொய் எழுத எனக்குப் பழக்கமில்லை.

மூன்றாம் நாள் நானே கடைக்குப் போய், சத்து மாத்திரை என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன். எதை விழுங்குகிறேன் என்று தெரிந்தே விழுங்கினேன். ஒரு வாரத்தில் கோடு பழைய இடத்துக்கு வந்தது.

இன்று காலை தலையை நானே பின்னிக்கொண்டேன். கோணல்தான். ஆனாலும் பின்னல். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "காப்பி கலக்கட்டுமா?" என்றார்.

பத்து நாளில் அவரோடு நான் பேசிய முதல் வார்த்தை: "மணி ஏழு ஆகட்டும்."