இருபது எழுத்து இடம்

எட்டு மாதமாக வேலையில்லாமல் இருந்த எனக்கு டாலிகஞ்ச் பக்கம் ஒரு கல்லூரியில் மாதிரி வகுப்பு எடுக்க அழைப்பு வந்தது. இதுவும் கைநழுவினால் கொல்கத்தாவைக் காலிசெய்துவிட்டு, மகளோடு அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். அண்ணியின் முகத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாடம் சி மொழி. எத்தனை பெயர் வந்தாலும் சேமித்து, அகரவரிசையில் அடுக்கும் நிரல். கொஞ்சம் கர்வத்தோடுதான் எழுதினேன். பத்துப் பேர் வந்தாலும் சரி, நூறு பேர் வந்தாலும் சரி, ஆள் கூடக் கூட அது மெமரியில் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு பெயருக்கு இருபது எழுத்து இடம். வீட்டில் சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் போட்டுப் பார்த்தேன். இனிஷியல், பெயர், முடிந்தது கதை. ஒருவர்கூடப் பதினைந்தைத் தாண்டவில்லை.

வகுப்பில் மாணவர்களையே ஒவ்வொருவராக வந்து பெயரை டைப் செய்யச் சொன்னேன். துறைத் தலைவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரும் தமிழர்தான், இதே கொல்கத்தாவில் டாக்குரியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். பட்டியல் திரையில் வந்ததும் வகுப்பே கொல்லென்று சிரித்தது.

ஒரு பெண் தன் பெயர், குடும்பப் பெயர், கூடவே அம்மாவின் பெயர் என்று மூன்றையும் சேர்த்து எழுதுகிறவள். இருபதாவது எழுத்தோடு அம்மா போய்விட்டாள். அந்த இடத்தில், அவளுக்கு அடுத்து டைப் செய்த பையனின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய மிச்ச எழுத்துகள் அவன் இடத்துக்குள் வழிந்து, அவன் பெயர் அவற்றை அழித்திருக்கிறது. எத்தனை பேர் என்று அவ்வளவு யோசித்தவள், ஒரு பெயர் எவ்வளவு நீளம் வரும் என்று யோசிக்கவே இல்லையே!

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், மா கோத்தாய்?" என்றாள். அம்மா எங்கே என்று கேட்கிறாள்.

வேலை போச்சு என்றே முடிவுகட்டினேன். தலைவர் எழுந்து வந்து தமிழில் சொன்னார்: "இதுக்கு ஏம்மா இப்படி வேர்த்துக் கொட்டுது? நம்ம காலேஜ் சாஃப்ட்வேர்லயும் அவ பேரு பாதிதான் வரும். ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டேதான் இருக்கா. நம்மள மாதிரி ஒரு இனிஷியல் போட்டுக்க வேண்டியதுதானே? நீங்க திங்கக்கிழமை சேர்ந்துடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை கிடைத்துவிட்டது, அதுவும் இந்த லட்சணத்தில்!

"சார், பத்து நிமிஷம் குடுங்க."

"எதுக்கு? அதான் சேரச் சொல்லியாச்சே."

"அவ அம்மா பேரு வரணும் சார்."

மணி அடித்தது. அவர் போய்விட்டார், மற்றவர்களும் போனார்கள், அவள் மட்டும் நின்றாள். ஒவ்வொரு பெயரையும் முதலில் அளந்து, பெயர் முடிந்ததைக் காட்டும் குறிக்கு ஒன்று கூட்டி, அந்த அளவுக்கு இடம் வாங்கும்படி மாற்றினேன். அவளே மறுபடி டைப் செய்தாள். முழுசாக வந்தது.

போனை எடுத்துத் திரையைப் படம்பிடித்தாள். இந்தக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் தன் பெயரை முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றாள்.