எண் இல்லாத ஐந்து பக்கங்கள்

என் பீரோவில் ஐந்து மஞ்சள் தாள்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் யாரோ ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. மறுபக்கம் ஒரு சிறுகதையின் அச்சுப்படி. யுத்த காலத்தில் காகிதம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால், அச்சகத்தில் மிஞ்சிக் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் முதுகில்தான் நாங்கள் பிழை திருத்தினோம். இந்தத் தாள்களில் எதிலுமே எண் கிடையாது. எது முதல், எது கடைசி என்பது தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் தர்க்க வாத்தியார். மற்றவன் நான்.

மதுரையில் ஒரு கல்லூரியில் தர்க்கமும் தத்துவமும் சொல்லிக்கொடுத்தார் அவர். என்னைவிட இரண்டொரு வயது இளையவர். வீட்டில் சௌராஷ்டிரம், வகுப்பில் இங்கிலீஷ், எழுதுவது தமிழ் என்று மூன்று பாஷைகளுக்கு நடுவே ஓயாமல் அலைந்துகொண்டிருந்த மனிதர். ஓர் இடத்தில் உட்கார மாட்டார். காபி கிளப்பில் டபராவைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி நடப்பார். நான் அப்போது, பழங்காநத்தத்தில் அப்பா வைத்திருந்த மளிகைக்கடையின் தயவில் ஒரு மாதப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். புதுவிதமான கதைகள் மட்டுமே போடுவது என்று எனக்கு ஒரு வீம்பு. விற்காத பிரதிகள் கடைக்குப் போய்ப் பொட்டலமாகும். "எம் மகன் பத்திரிகை இல்லாட்டி மல்லி, சீரகத்துக்குக் காகிதம் ஏது?" என்று அப்பா வாடிக்கைக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

எனக்கும் வாத்தியாருக்கும் ஒரே சண்டைதான். கதை தத்துவத்துக்குக் கூலிவேலை பார்க்கக்கூடாது என்பது என் கட்சி. அவர் விடமாட்டார். "யோசிக்காத கதை எதுக்குண்ணே? சீரகம் மடிக்கவா?" என்பார். கதையும் ஒரு வகை நிரூபணம்தான், படிப்படியாக ஏறி ஓர் உண்மையில் போய் நிற்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அவருடைய மனைவி இறந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது. அதைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. நானும் கேட்டதில்லை.

ஒருநாள் அந்தக் கதையைக் கொண்டுவந்தார். ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றும் சரியாக ஒரு பக்கம், தலையில் ஒன்று, இரண்டு என்று எண். முதல் பக்கத்தில் புதுப்புடவை கட்டிய ஒரு பெண் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அவளுக்கு ஆசை. "கெளம்புவோமா?" என்று புருஷனைக் கேட்கிறாள். 'சரி என்றேன்' என்று இரண்டாம் பக்கம் தொடங்கும். வைகை மணலில் கூட்டம். மூன்றாவதில் தண்ணீர்ப் பந்தல். ஒரு டம்ளர் நீர்மோர் போதும் என்கிறவளை, வெயிலில் மயங்கிவிடுவாய் என்று அவன் இன்னொரு டம்ளர் குடிக்கவைக்கிறான். நான்காவதில் வாந்திபேதி, சாவு. ஐந்தாம் பக்கம் இப்படித் தொடங்கியது: 'ஆகவே, அவள் சாவுக்கு நானே காரணம்.'

படித்து முடித்தேன். இது கதை இல்லை என்று புரிந்தது. ஆனாலும் பத்திரிகைக்காரன் புத்தி எங்கே போகும்? "என்ன வாத்தியாரே, கதைக்கு நம்பரா? கணக்கு நோட்டு மாதிரியில்ல இருக்கு!" என்றேன். அவர் முகம் சிவந்தது. என் மேஜையிலிருந்த சிவப்பு மையை எடுத்து ஐந்து எண்களையும் கர்ரென்று அடித்தார். "போதுமா? ஆனா அந்த 'ஆகவே'ல மட்டும் கை வைக்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

எங்கள் கம்பாசிட்டர் அந்த வாரம் உசிலம்பட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். அவர் ஈய எழுத்துகளைக் கோத்துக் கயிறு கட்டி, பலகையில் வரிசையாக வைத்துவிட்டுப் போன பக்கங்களை, இரவல் வாங்கிய ஆள் ஒருவர் வந்து இயந்திரத்தில் ஏற்றினார். எண் இருந்தால் பார்த்திருப்பார். இல்லாததால் பலகையின் மறுகோடியிலிருந்து எடுத்து அடுக்கி, முதலில் வந்த பக்கத்தின் மேல் தலைப்பைப் பொருத்திவிட்டார். காகிதத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நானும் சரிபார்க்கக் கடைசி அச்சுப்படி எடுக்கச் சொல்லவில்லை. கதை அப்படியே தலைகீழாக வெளிவந்தது.

வந்தபிறகு நடந்ததுதான் வேடிக்கை. என் பத்திரிகையைப் பற்றி யாரும் அவ்வளவு பேசியதில்லை. காபி கிளப்பில் ஓர் இளம் வக்கீல் பக்கத்து மேஜைக்காரர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். "'ஆகவே'ன்னு ஆரம்பிக்கிறாருய்யா! செத்தவளைக் கடைசில வாசல்ல கொண்டாந்து நிறுத்துறாரு. காலத்தையே புரட்டிப் போட்டுட்டாரு மனுஷன்!"

வாத்தியார் அச்சகத்துக்குள் வந்தபோது சட்டை முழுக்க வேர்வை. "அஞ்சு பக்கம் அடி அடியா ஏறி வந்து நான் ஒத்துக்கிட்ட விஷயம்ணே அது. அதை வாசப்படியிலயே போட்டு ஒடச்சிட்டீங்க" என்றார். ஊரே புகழ்கிறது, விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "நான் எழுதாததுக்கு நான் கைதட்டு வாங்கணுமா? வரிசையா மறுபடி போடுங்க. நான்தான் காரணம்னு நாலு பேர் ஒழுங்காப் படிக்கணும்." தனக்குத்தானே தண்டனை எழுதிக்கொண்டவர் அதைச் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காகிதம் போனால் போகட்டும், போடுகிறேன் என்றேன்.

மறுபடி கோத்து எடுத்த படிகள்தான் இந்த மஞ்சள் தாள்கள். ஒரு மத்தியானம் அவரே சரிபார்க்க வந்தார். மேஜையில் வரிசையாகப் பரப்பினார். படித்தார். எழுந்து தெருவரை போய்த் திரும்பினார். அவள் வாசலில் நிற்கும் பக்கத்தை எடுத்துக் கடைசியில் வைத்தார். மறுபடி முன்னால் வைத்தார். பிறகு ஐந்தையும் பத்திரிகையில் வந்த மாதிரியே தலைகீழாக அடுக்கிவிட்டு அசையாமல் நின்றார். அந்த மனிதர் அசையாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைய வருஷா வருஷம் வகுப்புல சொல்றேன். முன்னால வந்ததெல்லாம் காரணம் ஆயிராது, பசங்களா, அது தப்பான தர்க்கம்னு. அதே பானைல நானும்தான் மோர் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அதை மட்டும் எழுதாம விட்டிருக்கேன் பாருங்க."

"அப்ப நீங்க காரணம் இல்லைன்னு ஆகுதுல்ல?" என்றேன், அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து.

"ஆகுது. அப்ப அவ எதுக்குண்ணே செத்தா?" என்று கேட்டார். வாசல் பக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்து, "இப்பிடி வச்சா, நான் இன்னும் 'சரி'ன்னே சொல்லலண்ணே" என்றார்.

எந்த வரிசையில் போடுவது என்று அவர் அன்று சொல்லவில்லை. மறுநாள் வந்து, நேராகவே போடுங்கள் என்றார். அதற்கு மறுநாள், போடவே வேண்டாம் என்றார். அப்படியே மாதங்கள் ஓடின. அதற்குள் காகிதத் தட்டுப்பாட்டில் என் பத்திரிகை நின்றது. அவருக்கு வடக்கே எங்கோ வேலை கிடைத்தது. ரயிலடிக்குப் போயிருந்தேன். ஜன்னல் வழியே, "அந்தத் தாளுங்க?" என்றார். "இருக்கு வாத்தியாரே. நீங்க அடுக்கி வச்சாப்ல அப்பிடியே." ஏதோ சொல்ல வாயெடுத்தார். வண்டி நகர்ந்துவிட்டது. அவர் அதற்குப் பிறகு கதை எழுதியதாகத் தெரியவில்லை.

போன வருஷம் என் மனைவி போனாள். பெரிய தத்துவம் படிக்காத நானும் இப்போது 'ஆகவே' தேடுகிறேன். வேறு டாக்டரிடம் காட்டியிருக்கலாமோ, அன்றைக்கு மழையில் போகவேண்டாம் என்று தடுத்திருக்கலாமோ என்று விடிந்ததிலிருந்து மனசு படியேறி இறங்குகிறது. கதை தத்துவத்துக்குக் கூலிவேலை பார்க்கக்கூடாது என்று முழங்கிய வாய் இது. இன்று காலை பீரோவைத் திறந்து, ஒருமுறையாவது நேராக அடுக்கிப் பார்ப்போமே என்று தாள்களை எடுத்தேன். கடைசியில் இருந்த வாசல் பக்கத்தை உருவி முதலில் வைக்கப்போனேன். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி, "கெளம்புவோமா?" என்று கேட்டாள். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.