ஆச்சி வீட்டு அன்னம்

திருக்கோகர்ணத்தில் பிறந்து, விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைத் தொழில் கற்று, ஊர் திரும்பித் தகரக் கொட்டகையில் சூளை வைத்தவர் எங்கள் அண்ணன். அப்பா இறந்தபின் அக்காவையும் என்னையும் வளர்த்தவர் அவர்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எந்த வேலையிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. அண்ணனிடம் வேலைக்கு இருந்தபோது நடந்ததை எழுதுகிறேன்.

அரிமளம் பக்கத்து ஆச்சி ஒருவர், மகள் திருமணத்துக்காக இரண்டு பழைய பீங்கான் அன்னங்களைத் துடைத்து வண்ணம் தீட்டக் கொடுத்திருந்தார். எதிரெதிரே வைத்தால் இரண்டும் கண்ணோடு கண் பார்க்கும். தம்பதியும் அப்படி இருக்க வேண்டுமென்று அவர்கள் வீட்டு மணவறையில் தலைமுறை தலைமுறையாக வைப்பவை அவை.

ஒன்றைக் கழுவும்போது உடைத்தேன். அண்ணன் வெளியூரில் இருந்தார். பயத்தில், மிஞ்சியதிலிருந்து அச்செடுத்து, மண்கூழ் ஊற்றி, நானே சுட்டேன். வந்தது ஒரு சுற்றுச் சிறியது. அதன் பார்வை மற்றதன் நெஞ்சில் முட்டியது.

அண்ணன் வந்து பார்த்தார். "சூட்டுல மண்ணு சுருங்கும்னு எத்தன தடவடா சொன்னேன்? இது சோடி இல்ல, தாயும் பிள்ளையும்."

திருமணத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஆறில் ஒரு பங்கு பெரிதாக மண்ணில் புதிதாகப் பிடித்தார். அச்செடுத்து வார்த்து, ஒருமுறை சுட்டு, கண் தீட்டி, மெருகு பூசி மீண்டும் சூளையில் வைத்தார். விரிசல் விட்டால் இன்னொன்று செய்ய நாளில்லை.

திருமணத்துக்கு முதல் நாள் காலையிலேயே ஆச்சி காரில் வந்து இறங்கிவிட்டார். "என்ன தம்பி, ரெடியா? அங்கிட்டு மணவறை கட்டியாச்சு."

நான் சூளைக் கதவில் கை வைத்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "இப்பத் தொறந்தா வெடிச்சிரும். உக்காரு." ஆச்சியிடம், "செத்த இருங்க ஆச்சி, சூடு ஆறட்டும்" என்றார்.

மதியம் திறந்தார். அன்னம் முழுதாக இருந்தது. எதிரே வைத்ததும் கண்கள் சந்தித்தன. ஆச்சிக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் மூச்சு விட்டேன். அண்ணன் வாயைத் திறந்தார்.

"ஆச்சி, இதுல ஒண்ணு புதுசுங்க. பழசு என் கை தவறி ஒடஞ்சிருச்சு. மணவறைல வைக்கிறத, தெரியாம வைக்கக் கூடாதுல்ல."

ஆச்சி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லாமலே குடுத்திருக்கலாமே தம்பி" என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். அதன்பின் பெரிய வீட்டுப் பழஞ்சாமான் எதுவும் அண்ணனைத் தேடி வரவில்லை. கடைகளுக்கு நாய்க்குட்டி பொம்மை வார்த்துக் காலம் தள்ளினார். நான் அடுத்த வாரமே திருப்பூருக்குப் பஸ் ஏறினேன்.

பல வருடம் கழித்து, மண்தூசி நெஞ்சில் படிந்து அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது திரும்பி வந்து கேட்டேன். "ஆச்சிட்ட சொல்லிரட்டாண்ணே?"

"வேணாம்டா. நீ ஓடாம இங்கனயே இரு, போதும்."

கடைசிவரை இருந்தேன்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், தோள் கொடுத்த தெருவாருக்கும், அக்கா வீட்டாருக்கும் எங்கள் நன்றி. ஆச்சி வீட்டுக்கு அண்ணனின் இந்த நினைவு மலரை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அண்ணன் பேச்சை இந்த ஒன்றில் மட்டும் மீறுகிறேன். அன்னத்தை உடைத்தவன் நான்.