வாலை மேலே பிடித்த சங்கு

எனக்கு இருப்புக்கொள்ளாத சுபாவம். நூதனசாலையில் சங்கு, சிப்பிகளைக் கணினியில் பதியும் மூன்று மாத வேலை கிடைத்தபோது அது இன்னும் கூடிப்போனது. பதினாறு வருஷம் பாண் சுடும் ஃபாக்டரியில் கால் கடுக்க நின்றவள் நான். வேலையை நீடிப்பார்களா, மாட்டார்களா? டோர்செட் பார்க்கில் பஸ் ஏறினால் அந்த ஒரே யோசனைதான்.

என் சூப்பர்வைசர் நாங்கள் குடியேறிய இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. முதல் நாளே, எங்கள் கடல் சங்குகள் கிடந்த அலுமாரி லாச்சியை இழுத்துக் காட்டினாள். விபரம் எழுதியிருந்த பழைய சீட்டுகள் உக்கிப்போய்விட்டன. எது எந்தப் பக்கம் சுருண்டது என்று பார்த்து எழுத வேண்டும்.

"உதை என்னட்டை விடும் பிள்ளை. சாமியறையிலை பார்க்காத சங்கே?" என்றேன். என் வாய் சும்மா கிடக்குமா!

நாற்பது சங்கு. ஒன்று மட்டும் வலம்புரி. அதற்கு வலம் என்றும் மற்றவைக்கு இடம் என்றும் எழுதினேன். அவளும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, "பெர்ஃபெக்ட் அன்ரி. உங்களை எக்ஸ்டெண்ட் பண்ணுவினம்" என்றாள்.

கடைசிக் கிழமை, பஸ்சில் ஒரு ஜெர்மன்காரரின் வாழ்க்கையை ஃபோனில் படித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சங்கு சிப்பிகளை முறையாக ஆராய்ந்த ஆரம்பகாலத்து ஆட்களில் ஒருவர். தொழிலால் பாதிரியார். எங்கள் கடலைக் கண்ணாலும் காணாதவர். கப்பலில் மற்றவர்கள் அனுப்பியவற்றை வைத்தே, படம் போடுவித்துத் தொகுதி தொகுதியாக எழுதியிருக்கிறார். குடுத்து வைத்த மனுசன், ஒப்பந்தம் முடிகிற கவலை இல்லை என்று பொறாமைப்பட்டேன்.

அடுத்த வரியை இரண்டு தரம் படித்தேன். இடப்பக்கம் சுருண்டவற்றுக்கென்றே அவர் ஒரு தொகுதி எழுதினாராம். அதில் எங்கள் வலம்புரியும் இருந்தது! ஆராய்ச்சிக்காரர்கள் சுருள் முனையை மேலே பிடித்துப் பார்ப்பவர்கள். நாங்களோ தீர்த்தம் வடியும் வாலை மேலே பிடித்துப் பார்ப்பவர்கள். பிடி மாறினால் பக்கமும் மாறும்; நான் எழுதிய நாற்பதும் தலைகீழ்.

"சும்மா இரும். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் வீட்டில் இவர். என்னால் இருக்க முடியுமா?

அடுத்த நாள் காலை அவளிடம் சொன்னேன். அவள் ஒரு சங்கை எடுத்தாள். வால் மேலே.

"ஐயோ அன்ரி! அம்மாவும் இப்பிடித்தான் பிடிப்பா."

உடனே மேலதிகாரிக்கு ஈமெயில் அடித்தாள். எட்டிப் பார்த்தேன். தற்காலிக ஊழியரின் பிழை என்று இருந்தது. எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"ஏன் பிள்ளை, நீரும்தானே பார்த்துப் பெர்ஃபெக்ட் எண்டனீர்?"

அவள் முகம் சிவந்துபோனது. அழித்துவிட்டு, எங்கள் இருவரின் பிழை என்று மாற்றி எழுதினாள். நாற்பதையும் அன்றே திருத்திக் கொடுத்தோம்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள், என் ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "சொறி அன்ரி" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை, என்மேல்.

உண்மையைச் சொன்னதற்குப் பெருமைப்படச் சொல்கிறார் இவர், சும்மா இருக்கச் சொன்ன அதே மனுசன். நான் பெருமைப்படவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமையும் எனக்கு வேலை இருந்திருக்கும்.