நல்ல நிலையில் உள்ள கழிப்பறை

மனுதாரராக இருப்பதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, ஓய்வு பெறும் வயதும் கிடையாது. தமிழாசிரியை வேலை முடிந்த பிறகு எனக்கு இது வாய்த்தது. அரிமளம் பக்கத்தில் நான் பணிபுரிந்த அரசு நடுநிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகள் போவதற்குக் கழிப்பறை இல்லை. புதுக்கோட்டை நகரத்து அரசுப் பள்ளியில் வரிசையாக ஆறு இருக்கின்றன. அங்கே உள்ளது இங்கேயும் வேண்டும் என்பதுதான் வழக்கு. ஏதாவது ஓர் அலுவலக வராந்தாவில் நின்று கால் வீங்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

யாருக்குக் குறை?

முதலில் கலெக்டர் அலுவலகத்தில் மனு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு முத்துலெட்சுமியும் கூட வந்தாள். அவள் மகள் பவித்ரா அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு, மதியம் சோறு தின்றதும் வீட்டுக்கு ஓடிவிடுவாள். பிற்பகல் பாடம் எதுவும் அவளுக்குத் தெரியாது. "வயசுக்கு வந்துட்டா நிப்பாட்டிருவேன் டீச்சர், வேற என்ன செய்ய?" என்று முத்துலெட்சுமி பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள்.

மனுவை வாங்கிய எழுத்தர், ஒங்க பேத்தி யாரும் அங்க படிக்குதா என்று கேட்டார். இல்லை என்றேன். இப்ப அங்க வேலை பாக்குறீங்களா? அதுவும் இல்லை. முத்திரையைக் குத்தாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப ஒங்களுக்கு என்னங்க கொறை?"

பதில் மனு

மனு எங்கும் போகவில்லை; நான்தான் மதுரைக்குப் போனேன். உயர் நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டதும் பதில் மனு வந்தது. 'கழிப்பறை ஒன்று உள்ளது. அது நல்ல நிலையில் உள்ளது.' கூடவே பளிச்சென்று ஒரு படம்.

அது பொய்யில்லை. அந்தக் கழிப்பறை பூட்டியே கிடக்கும். அதிகாரி வந்தால் திறப்பார்கள். மற்ற நாட்களில் ஆசிரியர்களுக்கு. சாவி தலைமை ஆசிரியர் அறையில், கடிகாரத்துக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கும். வருஷக்கணக்காக அந்தச் சாவியை எடுத்துப் போய்வந்து, கை கழுவிவிட்டு, பிற்பகல் வகுப்பில் காலியாய்க் கிடந்த இடங்களுக்கு ஆப்சென்ட் போட்டவள் நான். இதை மனுவில் எழுதவில்லை.

பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாமே என்று இப்போதைய தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்: "தெறந்துவிட்டா புள்ளைங்க போயிருங்க டீச்சர். அப்பறம் நல்ல நிலையில இருக்குன்னு எப்பிடி எழுதுறது?"

வாய்தா

திருமயம், திருப்பத்தூர், மேலூர் என்று மூன்று மணிநேரப் பயணம். இரண்டு நிமிட விசாரணை. அரசு வக்கீல் அவகாசம் கேட்பார். கிடைக்கும். நான் திரும்பி பஸ் ஏறுவேன். இதற்குள் பவித்ரா எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். எனக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடிய இளம் வக்கீல் ஒவ்வொரு முறையும் படிக்கட்டு வரை வந்து தேற்றுவார்: "கவலைப்படாதீங்கம்மா, இதுவரைக்கும் நாம தோக்கவே இல்லையே."

ஆய்வு

நேரில் பார்த்து அறிக்கை தரச் சொன்னது நீதிமன்றம். முதல் நாளே பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். அதிகாரி வந்தார், கதவைத் திறந்துவிட்டார்கள், உள்ளே போனார். கைக்குட்டையில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார். தலைமை ஆசிரியர் பூட்டோடு தயாராக நின்றார். வரிசையில் நின்ற பிள்ளைகளில் பவித்ரா வாய் திறந்தாள்: "சார், அப்பிடியே தெறந்து வச்சுட்டுப் போங்க. நாங்களும் பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதித் தாரோம்."

சமம்

தீர்ப்பு வந்தது. இரண்டு பள்ளிகளுக்கும் இடையே எந்த வேறுபாடும் இருக்கக் கூடாது. அன்று மேலூரில் பஸ் நின்றபோது வெள்ளரிக்காய் வாங்கித் தின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் பள்ளியில் கட்டுவதற்கு நிதி வரவேண்டும். வேறுபாட்டை நீக்குவது மட்டும் அதுவரை காத்திருக்கலாகாதே. ஒரு சுற்றறிக்கை போனது: எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறைகள் ஒரே முறையில் பராமரிக்கப்பட வேண்டும், சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்க வேண்டும். நகரத்துப் பள்ளியில் ஆறு கதவுக்கும் ஆறு பூட்டு தொங்கியது. முன்பின் தெரியாத ஒரு தாய் போனில் கூப்பிட்டாள்: "கேஸ் போட்டது நீங்கதானாமே? எம்மகளும் இப்ப மத்தியானமே வீட்டுக்கு வந்துருதுங்க."

முறை

இதை முத்துலெட்சுமியிடம் எந்த முகத்தோடு சொல்வது? ஒரு பிற்பகல் போனேன். பவித்ரா வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. மீண்டும் வழக்குப் போடலாம் என்று நான் ஆரம்பித்ததும், முத்துலெட்சுமி அடுப்படிக்குள் போய் ஒரு பூட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். கொண்டி வளைந்திருந்தது. காலையில் நான்கு தாய்மார் கடப்பாரையோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்திருக்கிறார்கள். கழுவிவிட ஆளுக்கொரு நாள் முறை வைத்திருக்கிறார்கள், அவளுக்குச் செவ்வாய்க்கிழமை. "நீங்க கேஸ நடத்துங்க டீச்சர், ஒண்ணும் அவசரமில்ல. அது முடியிற வரைக்கும் எம்புள்ள போயிட்டு வரட்டும்."

'கழிப்பறை தற்போது நல்ல நிலையில் இல்லை, தரை எப்போதும் ஈரமாகவே இருக்கிறது' என்று, மீண்டும் போட்ட வழக்கில் புதிதாக ஒரு பதில் மனு வந்திருக்கிறது. மனுதாரர் வேலையில் நான் மறுக்க விரும்பாத பதில் அது ஒன்றுதான்.